வந்த குட்டியும் வளர்த்த குட்டியும்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "டிரான்ஸ்பார்மர் பராமரிப்பு பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் சிலபஸ் இருக்கே! உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ண எழுது" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பெரிய பெரிய விஷயங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன்.

போன வருடம் மெஷின்ஸ் லேபுக்குப் பின்னால், பழைய டிரான்ஸ்பார்மர் கூட்டுக்கு அடியில் ஒரு செவலைப் பூனைக்குட்டி கிடந்ததே, நினைவிருக்கிறதா? மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், ஓடி வந்துவிடும். எப்போதும் தன் வாலையே சுற்றிச் சுற்றித் துரத்தியதால் நம் வகுப்புப் பையன்கள் அதற்கு 'ரோட்டர்' என்று பெயர் வைத்தார்கள். திடீரென்று ஒரு நாள் காணாமல் போய்விட்டது. "ரோட்டர் எங்கே?" என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். பதில் இந்தக் கட்டுரையில் இருக்கிறது!

கையில் வளர்ந்தவள்

முதலில் எங்கள் வீட்டு மின்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன தைப் பொங்கலுக்கு முந்தின வாரம், எங்கள் தெரு முனையில் ஒரு தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுச் செத்துப் போனது. விறகு அறைக்குள் அதன் குட்டி ஒன்று மட்டும் கத்திக்கொண்டு கிடந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது. பூனைக்குட்டிக்குப் பிறந்து 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். அப்படியென்றால் வயது பத்து நாள் இருக்கலாம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 190 கிராம்!

அன்பு இருந்தால் வளர்த்துவிடலாம் என்று நினைத்தேன். அன்பு மட்டும் போதாது. முதல் நாள் பசும்பால் கொடுத்தேன். வயிற்றாலே போயிற்று. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அம்மா சொல்லித் தந்தவை இவை.

பசும்பாலில் பூனைக்குட்டிக்குச் செரிக்காத லாக்டோஸ் உண்டு. அதற்குத் தேவையான புரதமும் கொழுப்பும் குறைவு. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர் வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு ஏற்ற வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் மூச்சுக் குழாயில் போய்விடும். தாயிடம் குடிப்பது போல வயிறு கீழே இருக்க, தலை சற்றே தூக்கி இருக்க வேண்டும். மூன்று வாரம் வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடுவது போல, வெதுவெதுப்பான ஈரத் துணியால் நாம்தான் துடைத்துவிட வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 10 கிராம் எடை கூடினால் சரியாக வளர்கிறது என்று பொருள்.

பால் பவுடர் விலையைக் கேட்டதும் மலைத்துப் போனேன். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டில் கேட்க வாய் வரவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த மாதம் 1000 ரூபாயில் இருந்துதான் வாங்கினேன். இரவு மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். "ஏ பிள்ள, நீ படிக்கப் போறியா, பூனைக்கு ஆயா வேல பாக்கப் போறியா?" என்று அப்பா சத்தம் போடுவார். மின்னி பிழைத்துவிட்டாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு மாதம் ஆனதும் அவள் கடி தாங்க முடியவில்லை. விளையாட்டாகக் கடித்தாலும் ரத்தம் வரும். காரணம் பிறகுதான் புரிந்தது. கூடப் பிறந்த குட்டிகளோடு வளரும் பூனை, கடித்து விளையாடும்போது மற்றது 'கீச்' என்று கத்தி விலகிவிடும். விளையாட்டு நின்றுவிடும். அதிலிருந்து "இவ்வளவு அழுத்திக் கடிக்கக் கூடாது" என்று கற்றுக்கொள்ளும். மின்னிக்கு உடன்பிறப்பு இல்லை, என் கைதான் இருந்தது. நானும் கையை ஆட்டி ஆட்டியே விளையாடினேன். இதுதான் கையில் வளர்ந்த குட்டியின் குறை. மனுஷரோடு பழகத் தெரியும். இன்னொரு பூனையோடு பழகத் தெரியாது.

நான் செய்த தவறு

பங்குனி கடைசி. கல்லூரி லீவு விடப் போகிறார்கள். லீவில் ரோட்டருக்கு யார் தயிர் சோறு வைப்பார்கள்? "ரெண்டும் குட்டிதானே, கூடி விளையாடிரும், மின்னிக்கும் துணையாச்சு" என்று எண்ணி, ஒரு கட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அப்போது மின்னிக்கு ஏறக்குறைய மூன்று மாதம். ரோட்டருக்கு இரண்டு மாதம் இருக்கும்.

நேராக மின்னிக்கு முன்னால் இறக்கிவிட்டேன். அவ்வளவுதான்!

மின்னி அப்படியே உறைந்து நின்றாள். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பிற்று. காதுகள் பின்னால் மடங்கின. ஒரு சீறல். அடுத்த நொடி பாய்ந்துவிட்டாள். ரோட்டர் பயந்து ஓட, இவள் துரத்த, இரண்டும் அம்மாவின் பீடி முறத்தின் மேல் விழுந்து, பக்கத்தில் இலை நனைக்க வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியும் கவிழ்ந்தது. சுற்றி வைத்திருந்த 400 பீடியும் நனைந்து போனது. அன்றைக்குக் கடையில் ஒப்படைக்க வேண்டிய எண்ணிக்கையில் 400 குறைவு. அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏட்டி, காலையில இருந்து குனிஞ்ச தல நிமிரல..." என்று மட்டும் சொன்னாள். அது திட்டியதைவிட வலித்தது.

ராத்திரி அப்பா சொன்னார்: "நாளைக்கு ரெண்டையும் கொண்டு போயி மார்க்கெட்ல விட்டுட்டு வா."

சிரிஞ்சில் ஊட்டி வளர்த்தவளை மார்க்கெட்டில் விட்டால் ஒரு ராத்திரி தாங்குவாளா? நான் அழுதேன். ஆச்சிதான் குறுக்கே வந்தாள். "சின்னப் பிள்ளைய அழ வைக்காத. ஒரு மாசம் பாப்போம்" என்றாள். அப்பாவும், "சரி, ஒரே ஒரு மாசம். அதுக்கு மேல எங்கிட்ட பேசப்பிடாது" என்றார்.

மறுநாள் ரோட்டரை டாக்டர் அம்மாவிடம் காட்டியபோது இன்னொரு இடி காத்திருந்தது. "தெருவில் கிடந்த குட்டியைத் தனியாக வைக்காமல் எப்படிச் சேர்த்துவிட்டாய்? உன் குட்டிக்குத் தடுப்பூசிகூடப் போடவில்லையே!" என்றார். பேன்லூக்கோபீனியா என்று பூனைகளுக்கு வரும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று வந்து தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கக் கூடியது. நோய் தொற்றியது வெளியே தெரிய இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை ஆகலாம். அந்தப் பத்து நாளும் காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது மின்னி சாப்பிட்டாளா என்பதைத்தான். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது என் அறிவால் தப்பியது அல்ல, அதிர்ஷ்டத்தால் தப்பியது.

பூனை ஏன் இப்படி?

நாயின் மூதாதை ஓநாய். அது கூட்டமாக வாழ்வது. சண்டை போட்டாலும் சமாதானம் ஆகிக்கொள்ள அதற்கு வழிமுறைகள் உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதையோ ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்பது. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்தால் அதற்குத் தெரிந்தது இரண்டே வழி: விரட்டு, அல்லது ஓடு. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். இத்தனை ஆயிரம் வருடம் மனிதனோடு இருந்தும் அந்தக் குணம் முழுதாகப் போய்விடவில்லை.

வயதும் ஒரு காரணம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அய்லீன் கார்ஷ் என்பவர் 1980-களில் பூனைக்குட்டிகளை ஆராய்ந்தார். இரண்டாவது வாரத்தில் இருந்து ஏழாவது வாரம் வரை யாரோடு பழகுகிறதோ, அவர்களை எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவம் என்று அதிலிருந்து தெரிய வந்தது. மின்னிக்கு அந்தப் பருவத்தில் கிடைத்தது நான் மட்டுமே.

மூன்றாவது, மூக்கு. பூனை தன் கன்னத்தை நம் காலில் தேய்ப்பது கொஞ்சுவதற்கு மட்டும் அல்ல. கன்னத்தில் உள்ள சுரப்பியின் வாசனையைத் தடவி, "இது என் கூட்டம்" என்று முத்திரை குத்துகிறது. அந்த வாசனை இல்லாதது அந்நியம். நாம் முகத்தைப் பார்த்து அறிமுகம் ஆகிறோம். பூனைக்கு அது அறிமுகம் அல்ல, 'அறிமூக்கு'!

லேபில் கிடைத்த விடை

அந்த வாரம்தான் நமக்கு மாடல் பிராக்டிகல். எனக்கு விழுந்த சோதனை, ஆல்டர்னேட்டரை பஸ்பாரோடு இணைப்பது. நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாக வரும் மெஷினை ஓடுகிற லைனோடு நினைத்தவுடன் சேர்த்துவிட முடியாது. வோல்டேஜ் சமம் ஆக வேண்டும், பிரீக்வன்சி சமம் ஆக வேண்டும், பேஸ் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று விளக்குகளும் வேகமாக மின்னி மின்னி அணையும். வேகத்தைச் சரி செய்யச் செய்ய மின்னுவது மெதுவாகும். மூன்றும் ஒன்றாக நன்றாக அணைந்திருக்கும் நேரத்தில்தான் சுவிட்சைப் போட வேண்டும். அவசரப்பட்டால் பெரும் கரண்ட் பாயும், மெஷின் உதறும்.

சார் எப்போதும் சொல்வார்: "ஸ்விட்ச் போடறது ஒரு செகண்டு வேலை. அதுக்கு முன்னாடி காத்திருக்கறதுதான்யா எக்ஸ்பெரிமெண்ட்."

எனக்குச் சுரீர் என்றது. நான் விளக்கையே பார்க்காமல் சுவிட்சைப் போட்டிருக்கிறேன்! அன்று முதல் பழைய அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பூனைக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். விளக்கு மின்னுவதற்குப் பதில் சீறலை எண்ணினேன்.

படிப்படியான முறை

1. தனி இடம்: எங்கள் வீட்டில் உள்ளது ஒரு அறையும் அடுப்பங்கரையும்தான். கேஸ் வந்த பிறகு பாதி காலியாகக் கிடந்த விறகு அறையைக் கழுவி ரோட்டருக்குக் கொடுத்தேன். தண்ணீர், சோற்றுத் தட்டு, மணல் போட்ட பழைய பேசின், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. இவ்வளவும் அவனுக்குத் தனி. 14 நாள் தனியாக வைப்பது நல்லது. பத்து நாளுக்குக் குறையவே கூடாது. அவனைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்சட்டை மாற்றிய பிறகே மின்னியைத் தொடுவேன். தரையைக் கழுவ ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர். கறுப்பு பினாயில் பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. இரண்டுக்கும் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார்.

தனி இடம் என்பது ஜெயில் அல்ல. தாயில்லாத குட்டிக்குப் பேச்சுத் துணை வேண்டும். பரீட்சைக்குப் பாதி நேரம் நான் விறகு அறையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

2. கதவுக்கு இருபுறமும் சாப்பாடு: மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டுக்கும் ஒரே நேரம். "அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்ல சாப்பாடு கிடைக்கிறது" என்று மூளையில் பதிய வேண்டும். முதல் நாள் மின்னியின் தட்டைக் கதவுக்கு ஆறு அடி தள்ளி வைத்தேன். நோட்டில் உள்ளபடி:

1-ம் நாள்: 6 அடி, சீறல் 9
4-ம் நாள்: 4 அடி, சீறல் 5
7-ம் நாள்: 2 அடி, சீறல் 2
10-ம் நாள்: அரை அடி, சீறல் இல்லை

3. துணி மாற்றுதல்: பத்து நாள் கழித்து டாக்டர் இரண்டையும் மறுபடி பார்த்து, "நோய் இல்லை" என்ற பிறகே இதைத் தொடங்கினேன். ஒரு துண்டுத் துணியால் ரோட்டரின் கன்னத்தைத் தடவி மின்னியின் தட்டுக்கு அருகில் வைப்பது. மின்னியின் துணியை அவனுக்குக் கொடுப்பது. முதல் நாள் மின்னி துணியைப் பார்த்தே சீறினாள். மூன்றாம் நாள் அதன் மேல் படுத்துத் தூங்கினாள். பிறகு இடத்தையும் மாற்றினேன். அரை மணி நேரம் அவன் வீட்டுக்குள், அவள் விறகு அறையில். இரண்டும் சந்திக்காமலே ஒன்றின் வாசனையில் மற்றொன்று உலாவி வந்தன.

4. வலை வழியே பார்த்தல்: 14-ம் நாள் கதவைத் திறந்து கோழி வலையைக் கட்டினேன். பார்த்ததும் மறுபடி சீறல் 4! பயப்படாதீர்கள். வாசனைக்குப் பழகியது கண்ணுக்கும் பழக வேண்டும். தட்டுகளை மீண்டும் தள்ளி வைத்து நெருக்கிக்கொண்டு வர வேண்டும்.

இங்கேதான் ஒரு தடங்கல். என் தம்பி பொறுமை இல்லாமல் 15-ம் நாள் வலையை அவிழ்த்துவிட்டான். மறுபடி துரத்தல். ரோட்டர் அட்டைப் பெட்டிக்குள் போனவன் சாயந்தரம் வரை வெளியே வரவில்லை. திரும்பவும் மூடிய கதவில் இருந்து தொடங்கினோம். மூன்று நாள் வீண். ஆனால் ஒரு விதி கிடைத்தது. ஒரு படியில் தவறினால் அதற்கு முந்தின படிக்கு இறங்க வேண்டும். அதே படியில் நின்று முரண்டு பிடிக்கக் கூடாது.

5. நேரில் சந்தித்தல்: 21-ம் நாள் வலையை எடுத்தோம். முதலில் ஐந்து நிமிடம் மட்டும். இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு பூனை. நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சி நுனியில் துணி முடிந்து, தள்ளித் தள்ளி நின்று விளையாட்டுக் காட்டினோம். முறைத்துப் பார்த்து நிற்க நேரம் தரக் கூடாது. பார்வை நிலைத்து, வால் உப்பினால் கையை இடையில் நீட்டாதீர்கள். அம்மா தன் பீடி முறத்தையே இரண்டுக்கும் நடுவில் மறைப்பாக நிறுத்தினாள். அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் பத்தாயிற்று, பத்து அரை மணியாயிற்று.

விளையாட்டா, சண்டையா என்று எப்படி அறிவது? விளையாட்டில் சத்தம் குறைவு; மாறி மாறி ஒன்று மேலே, ஒன்று கீழே; நகம் உள்ளே இருக்கும். சண்டையில் அலறல் இருக்கும், ஒன்றே துரத்தும், ஒன்றே ஒளியும், முடி பறக்கும். முதலாவதைத் தடுக்காதீர்கள், இரண்டாவதை விட்டுவைக்காதீர்கள்.

24-ம் நாள் மின்னி வழக்கம் போல அழுத்திக் கடித்தாள். ரோட்டர் 'கீச்' என்று கத்தி விலகிப் போய் உட்கார்ந்துகொண்டான். மின்னி திகைத்துப் போனாள். கிட்டப் போனாள், முகர்ந்தாள், மெதுவாகக் கடித்தாள். ரோட்டர் மறுபடி விளையாடினான். மூன்று மாதம் என் கையால் கற்றுத் தர முடியாததை, தெருவில் கிடந்த குட்டி ஒரே வாரத்தில் கற்றுத் தந்துவிட்டான். இன்று மின்னி என் கையைக் கடித்தால் பல் தடம்கூட விழுவதில்லை.

பழையவளுக்கு உரிமை குறையக் கூடாது

கையில் வளர்ந்த குட்டிக்கு நாம்தான் தாய். புதிதாக வந்ததை நாம் எப்போதும் தூக்கிக்கொண்டு திரிந்தால் அதற்கு உலகமே இடிந்தது போல இருக்கும். எனவே மின்னியின் சாப்பாட்டு நேரம், அவள் படுக்கும் சாக்கு, இரவு என் காலடி, எதையும் மாற்றவில்லை. சாப்பாடும் மடியும் அவளுக்கே முதலில். மணல் பேசினும் பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வேண்டும்; இரண்டு பூனைக்கு மூன்று பேசின்.

நாய், கோழி, ஆடு

எங்கள் நாட்டு நாய் மணி நல்லவன்தான். ஆனால் ஓடுகிறதைத் துரத்துவது நாயின் குணம். முதலில் ரோட்டரின் துணியை முகர வைத்தோம். பிறகு மணியைச் சங்கிலியில் கட்டி, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, மணி அமைதியாக இருக்கும் போதெல்லாம் ஒரு துண்டு ரொட்டி. பூனைக்கு ஓடி ஏற ஒரு உயரம் கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டில் பரண். நாயும் பூனையும் பழகிவிட்டாலும் சாப்பாட்டு நேரத்தில் தள்ளியே வைக்கிறோம். குட்டி வளரும் வரை தனியாக விட்டுப் போவதில்லை.

கோழி வேறு கதை. பெரிய கோழியைப் பூனைக்குட்டி நெருங்காது. குஞ்சுக் கோழி கொத்திவிடும். ஆனால் குஞ்சுகள் பூனைக்கு இரைதான். "சின்னதில இருந்து பழக்கினா தொடாது" என்பதை நம்பி விடாதீர்கள். பசி இல்லாவிட்டாலும் அசைவதைப் பிடிப்பது பூனையின் பிறவிக் குணம். குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள், பஞ்சாரத்தின் மேல் ஒரு கல். அவ்வளவுதான் தீர்வு.

ஆடு ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் புல் தின்னப் போய்விட்டது!

கவனிக்க வேண்டியவை

நூல்: பீடி சுற்றும் வீடுகளுக்கும் தையல் வீடுகளுக்கும் இது முக்கியம். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் நாக்கில் பட்டால் உள்ளேதான் போகும். குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசன வாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். பீடித் தூளும் பூனைக்கு விஷம். இப்போது அம்மா நூல்கண்டையும் தூளையும் மூடி உள்ள டப்பாவில்தான் வைக்கிறாள்.

மருந்து: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

தடுப்பூசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். பூனை ஊசி எல்லா இடத்திலும் கையிருப்பு இருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள்.

கடி, பிறாண்டல்: நமக்குப் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று இருந்துவிடக் கூடாது. எனக்கே 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் ஊசி போட்டார்கள்.

கருத்தடை: நான்கு மாதத்திலேயே சினைப்பிடிக்கும் பெட்டைகள் உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்டு அறுவை செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் செய்தாயிற்று.

"நாலு நாள் அடிச்சுக்கிட்டா தானாச் சேந்துரும்" என்ற பேச்சு: தயவு செய்து நம்ப வேண்டாம். முதல் சண்டையின் பயம் பூனைக்கு மாதக் கணக்கில் மறக்காது. குட்டிகள் சில வாரத்தில் பழகும். வளர்ந்த பூனைகளுக்குச் சில மாதம்கூட ஆகலாம்.

முடிவாக...

அப்பா கொடுத்த ஒரு மாதம் முடிந்த அன்று ராத்திரி, அவர் வேலை முடித்து வந்து முகம் கழுவினார். நான் கெஞ்சுவதற்கு என்னென்ன பேச வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்து, மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தச் செவலப் பய சாப்பிட்டானா?"

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

மின்னியும் ரோட்டரும் கட்டிப் பிடித்துத் தூங்குகின்றன என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். வாசற்படியின் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று படுத்திருக்கும். நடுவில் ஒரு முழ இடைவெளி. ஆனால் சீறல் இல்லை; இரண்டும் முதுகைக் காட்டிப் படுக்கின்றன. முதுகைக் காட்டிப் படுப்பதே பூனையின் நம்பிக்கை.

தோழர்களே! முதலாம் ஆண்டு முதல் நாள் நான் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் பேர் சொல்லச் சொன்னபோது குரலே வரவில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி எதுவும் கேட்கவில்லை. தினமும் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைப்பாள், அவ்வளவுதான். நான் பேச ஆரம்பிக்கப் பதினைந்து நாள் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். இந்த ஜூலையிலும் நம் கல்லூரிக்குப் புதியவர்கள் வருவார்கள். அவர்களிலும் வீட்டில் முதல் ஆளாகப் படி ஏறுகிறவர்கள் இருப்பார்கள். வந்த அன்றே நடுவில் இறக்கிவிட்டுக் கூத்துப் பார்க்காமல், தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி வைப்போம்.

ரோட்டரைப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். ஆனால் வந்ததும் தூக்காதீர்கள். முதலில் அவன் உங்களை முகர்ந்து பார்க்கட்டும்!